மலையேறிய சின்னச் சக்கரம்: வெலோசியோவின் வாழ்க்கை

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் வாடகை சைக்கிளில் ஓட்டப் பழகியவர்கள். முதலில் கால் சைக்கிள், பிறகு அரைச் சைக்கிள், கால் எட்டாத வயசிலேயே பெரிய சைக்கிளில் குரங்கு பெடல், கடைசியில் சீட்டில் உட்கார்ந்து முழு சைக்கிள். சக்கரம் பெரிதாகப் பெரிதாக நாமும் பெரியவர்கள் ஆனோம். அதனால்தான் வளர்ந்த ஒருவர் சின்னச் சக்கர சைக்கிளில் போனால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பிள்ளையுடைய வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைக்கிறோம்.

அந்தச் சிரிப்புக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. நம் குடியிருப்பின் கீழ்த்தளத்தைப் பாருங்கள். பெரிய சைக்கிள் லிஃப்டில் ஏறாது. படியில் தூக்கிக்கொண்டு போக முதுகு இடம் தராது. கீழே விட்டால் கடற்காற்றின் உப்பு ஒரே மழைக்காலத்தில் செயினையும் ரிம்மையும் தின்றுவிடும். இரண்டு முறை துரு துடைத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை கடைத்தெருவுக்கும் பைக்கை எடுக்கிறோம். அறுபது வயதில் மருத்துவர் நடக்கச் சொல்லும்போதுதான் சைக்கிள் ஞாபகம் வருகிறது.

மடக்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் சின்னச் சக்கர சைக்கிள்கள் இன்று நம் நாட்டிலும் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் வாங்கி வருவதும் உண்டு. ஆனால் அதில் தூரம் போக முடியுமா, பெரியவர்களைத் தாங்குமா என்ற சந்தேகம் தீரவில்லை. இந்தச் சந்தேகத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பேசித் தீர்க்காமல் ஓட்டிப் பார்த்துத் தீர்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் பால் தெ விவி. சைக்கிள் உலகம் அவரை வெலோசியோ என்ற புனைபெயரில் அறியும்.

பட்டு வியாபாரி

பால் தெ விவி 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று தெற்கு பிரான்ஸில் உள்ள பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். பட்டுத் தொழிலில் பழகி, இளவயதிலேயே சொந்தமாகப் பட்டு வியாபாரம் தொடங்கினார். அவர் வாழ்ந்த சேன்ட் எத்தியென் நகரம் நிலக்கரிக்கும் பட்டு ரிப்பனுக்கும் துப்பாக்கித் தொழிலுக்கும் பேர்போனது. இரும்பை நுணுக்கமாகக் கடையத் தெரிந்த கைகள் அங்கே நிறைய இருந்தன. பின்னாளில் அது பிரான்ஸின் சைக்கிள் தலைநகராக ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

1881-இல் அவர் முதல் சைக்கிளை வாங்கினார். அந்தக் காலத்து சைக்கிள் இன்று நாம் பார்ப்பது போன்றது அல்ல. முன்னால் ஆள் உயரச் சக்கரம், பின்னால் சாண் உயரச் சக்கரம். பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். செயின் கிடையாது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. ஆகவே வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பெரிய சக்கரம்தான் வேகம் என்ற எண்ணம் பிறந்தது இங்கேதான்.

நூறு கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் கடக்க முடியாது என்று நண்பர் ஒருவர் பந்தயம் கட்ட, தெ விவி ஷேஸ் தியோ என்ற மலையூருக்கு ஓட்டிச் சென்று பந்தயத்தில் ஜெயித்தார். அந்தப் பயணம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஜெயித்ததைவிட, வழியில் பார்த்த மலையும் காடும் ஊர்களும் அவரைப் பிடித்துக்கொண்டன. ரயிலில் போனால் ஜன்னல் வழியே ஓடி மறைந்துவிடுகிற ஊர்களைச் சொந்தக் காலால் போய்ப் பார்க்க முடியும் என்பது அன்றைக்குப் புதிய செய்தி.

பட்டு வியாபாரத்துக்காக இங்கிலாந்து போகும்போதெல்லாம் சைக்கிள் தொழிலின் மையமாக இருந்த கவென்ட்ரி நகரத்துக்கும் போய்வந்தார். ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்த ஊர் அது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்தைச் செயின் சுழற்றும். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் மூதாதை அதுதான். செயின் வந்த அன்றே பெரிய சக்கரத்தின் அவசியம் போய்விட்டது. செயின் வீலில் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்பதை வைத்தே வேகத்தைத் தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனால் அவசியம் போனாலும் பழக்கம் போகவில்லை.

1887-இல் தெ விவி சேன்ட் எத்தியென் நகரில் சைக்கிள் கடை வைத்தார். கவென்ட்ரியிலிருந்து சைக்கிள்களை வரவழைத்து விற்றார். அதே ஆண்டில் சைக்கிள் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினார். பின்னாளில் லெ சிக்லிஸ்ட் என்ற பெயரில் புகழ்பெற்ற அந்தப் பத்திரிகையில்தான் வெலோசியோ என்ற பெயரில் எழுதினார். பட்டு வியாபாரத்தை விட்டுவிட்டார். கொஞ்ச காலத்தில் லா கோல்வாஸ் என்ற பெயரில் சொந்தமாகவும் சைக்கிள் செய்து விற்கத் தொடங்கினார்.

கியர் வந்த கதை

சேன்ட் எத்தியென் மலைகளால் சூழப்பட்ட நகரம். ஊரைவிட்டு வெளியே போனால் ஏற்றம்தான். தெற்கே 1,161 மீட்டர் உயரத்தில் ரெபப்ளிக் கணவாய் இருக்கிறது. வெலோசியோ அடிக்கடி ஏறிய பாதை அது.

ஒருநாள் அந்த ஏற்றத்தில் அவர் மூச்சுவாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய வாசகர் ஒருவர் வாயில் பைப் புகைத்தபடியே அவரைக் கடந்து போய்விட்டாராம். அந்த வாசகரின் உடம்பைவிட அவர் வண்டியின் பல்சக்கரக் கணக்குதான் வெலோசியோவை யோசிக்கவைத்தது. சமதளத்துக்கு ஒரு பல்கணக்கு, ஏற்றத்துக்கு வேறு பல்கணக்கு. இரண்டையும் ஒரே வண்டியில் வைத்தால் என்ன?

முதலில் இரண்டு செயின் வீல் வைத்தார். மாற்ற வேண்டுமானால் இறங்கிக் கையால் செயினைத் தூக்கி மாட்ட வேண்டும். பிறகு கியர்களின் எண்ணிக்கை கூடியது, மாற்றும் முறை எளிதானது. அவரைச் சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்தது. சேன்ட் எத்தியென் பள்ளி என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. பாடம் நடத்துகிற பள்ளி அல்ல. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய், வாரம் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து, அடுத்த ஞாயிறு மறுபடி மலைக்குப் போகிறவர்களின் கூட்டம். இன்றைக்கு நம் பிள்ளைகள் ஓட்டும் கியர் சைக்கிளின் வேர்களில் முக்கியமான ஒன்று அந்தப் பட்டறைகளில் இருக்கிறது.

பந்தய உலகம் இதை ஏற்கவில்லை. 1902-இல் பிரான்ஸின் சுற்றுப்பயணக் கழகம் பிரனீஸ் மலையில், 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாய் வழியாக ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. அதில் மார்த் ஹெஸ் என்ற பெண், மூன்று கியர் உள்ள கோல்வாஸ் சைக்கிளில் முழு வழியையும் கால் தரையில் ஊன்றாமலே ஓட்டி முடித்தார்.

மறு ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கவிருந்த ஹென்றி தெகிரான்ஜ் அந்தச் சோதனையைப் பாராட்டினார். ஆனாலும் கியர் என்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் சரி, தசை பலத்தால் ஜெயிப்பதே ஆண்மை என்கிற விதமாக எழுதினார். அப்போது வெலோசியோவுக்கு வயது 49. அந்தக் கிண்டலால் அவர் சோர்ந்துவிடவில்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களும் மலையேறலாம் என்பதைத்தானே அவர் காட்டிக்கொண்டிருந்தார்? டூர் தெ பிரான்ஸில் செயினை மாற்றும் கியரை அனுமதித்தது 1937-இல். அதற்கு 35 ஆண்டுகள் ஆயின. அப்போது வெலோசியோ உயிரோடு இல்லை.

ஐம்பது சென்டிமீட்டர் சக்கரம்

கியரோடு அவர் நிற்கவில்லை. சைக்கிளில் எது அவசியம், எது வெறும் பழக்கம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். சக்கரத்தின் அளவும் அந்தச் சோதனைக்கு வந்தது.

அன்றைய வழக்கமான சக்கரம் சுமார் 70 சென்டிமீட்டர் விட்டம். வெலோசியோ 50 சென்டிமீட்டர் சக்கரம் போட்டு, அதற்கு 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பருத்த டயரை மாட்டினார். அதில் சுமார் 15,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் முடிவைச் சொன்னார். அதே அகல டயர் போட்ட 70 சென்டிமீட்டர் சக்கரத்தைவிட இது எந்த விதத்திலும் மோசமாக ஓடவில்லை என்பது அந்த முடிவு. ஒரே ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னார்: டயர் சீக்கிரம் தேய்கிறது.

இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 சென்டிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். 50 சென்டிமீட்டர் சக்கரம் 1.57 மீட்டர்தான் ஓடும். பெரிய சக்கரம் பத்து முறை சுற்றும் தூரத்துக்குச் சின்னது பதினான்கு முறை சுற்ற வேண்டும். டயர் தேய்வதன் காரணம் அதுதான்.

அப்படியானால் சின்னச் சக்கரத்தில் அதிகமாக மிதிக்க வேண்டுமா? நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். பழைய நேரடிப் பெடல் வண்டிக்கு அது உண்மை. செயின் உள்ள வண்டிக்கு உண்மையில்லை. பெரிய சக்கரத்தில் செயின் வீலுக்கு 44 பல், பின்னால் 18 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். சின்னச் சக்கரத்தில் பின்னால் 13 பல் போட்டால் சுமார் 5.3 மீட்டர். காலுக்கு வித்தியாசமே தெரியாது. கடையில் வாங்கும் சில மலிவு வண்டிகள் மெதுவாகப் போவது இந்தப் பல்கணக்கைச் சரிசெய்யாமல் விற்பதால்தான். குற்றம் சக்கரத்தின் மேல் இல்லை.

இன்னொரு விஷயம் குண்டும் குழியும். சின்னச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும், அதிர்ச்சியும் கூடும். இதற்குத்தான் வெலோசியோ பருத்த டயரை வைத்தார். அகல டயரில் காற்றைக் கல் போல அடிக்கத் தேவையில்லை. சற்றே மெதுவாக விட்டால் டயரே மெத்தை போல அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சக்கரத்தைச் சிறிதாக்கி, டயரையும் ஒல்லியாக்கி, காற்றையும் இறுக்கி அடித்தால் உடம்பு உலுக்கி எடுக்கும். சின்னச் சக்கரத்தைக் குறை சொல்கிற பலர் உண்மையில் குறை சொல்வது இந்த ஒல்லி டயரைத்தான்.

நன்மைகளும் இருக்கின்றன. ஸ்போக்ஸ் குட்டையாக இருப்பதால் சக்கரம் சுலபத்தில் கோணாது. எடை குறைவு என்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகமெடுக்கும். சக்கரத்துக்கு மேலே இடம் மிச்சமாவதால் மூட்டையைத் தாழ்வாகக் கட்டலாம், வண்டி தள்ளாடாது. பார் தாழ்வாக இருந்தால் பெண்களும் மூட்டுவலிக்காரர்களும் காலைத் தூக்கிப் போடாமலே ஏறலாம்.

ஓட்டும் முறை

வெலோசியோ இரவு முழுக்க ஓட்டி, மறுநாளும் தொடர்ந்து ஓட்டுகிற நீண்ட பயணங்கள் போனவர். ஈஸ்டர் விடுமுறைதோறும் நண்பர்களோடு புரோவான்ஸ் பகுதிக்கு ஓட்டிப் போவது அவர் வழக்கம். பந்தயத்துக்கு அல்ல, பார்ப்பதற்கு ஓட்டுவதுதான் அவர் சொன்ன சைக்கிள் சுற்றுப்பயணம். அவர் மாமிசம் சாப்பிடாதவர், பழைய தத்துவ நூல்களைப் படிக்கிறவர், எல்லா நாட்டாருக்கும் பொதுவான மொழியாக உருவான எஸ்பெராந்தோவைக் கற்றவர்.

தன் அனுபவத்தை ஏழு அறிவுரைகளாகச் சுருக்கிக் கொடுத்தார். அவற்றின் சாரம் இது. நிற்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், நின்றால் சீக்கிரம் கிளம்புங்கள். பசிக்கும் முன் சாப்பிடுங்கள், தாகம் எடுக்கும் முன் குடியுங்கள். சாப்பாடும் தூக்கமும் பிடிக்காத அளவுக்குக் களைத்துப்போகாதீர்கள். குளிரும் முன் போர்த்துக்கொள்ளுங்கள், வேர்க்கும் முன் கழற்றுங்கள். பயணத்தின்போதாவது மதுவும் மாமிசமும் புகையும் வேண்டாம். உங்கள் சக்திக்கு மேல் வேகம் போகாதீர்கள், அதிலும் முதல் சில மணி நேரத்தில். வீம்புக்காக மட்டும் ஒருநாளும் மிதிக்காதீர்கள்.

இந்த ஏழில் வேகத்தைக் கூட்டச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. உடம்பு சைக்கிளுக்காக அல்ல, சைக்கிள் உடம்புக்காக என்ற ஒரே எண்ணம்தான் ஏழுக்கும் அடியில் இருக்கிறது. கியர் வைத்ததும் சின்னச் சக்கரத்தைச் சோதித்ததும் அதே எண்ணத்தில்தான்.

1922 முதல் சேன்ட் எத்தியென் சைக்கிள்காரர்கள் ஆண்டுதோறும் வெலோசியோ தினம் என்று ஒரு நாளை வைத்து, அவர் ஏறிய அதே கணவாய்க்குக் கூட்டமாக ஏறினார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே அவருக்குக் கிடைத்த மரியாதை அது. 1930-இல், 76 வயதில், சேன்ட் எத்தியென் தெருவில் சைக்கிளோடு சாலையைக் கடக்கும்போது டிராம் வண்டி மோதி இறந்தார். மலைப்பாதைகளும் இரவுப் பயணங்களும் செய்யாததை ஊர்த்தெருவின் போக்குவரத்து செய்துவிட்டது. கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவருடைய பத்திரிகை அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் வெளிவந்தது.

அவருக்குப் பிறகு

சின்னச் சக்கரத்துக்கு மறுவாழ்வு வர மேலும் 32 ஆண்டுகள் ஆயின. 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, மினி காரின் ரப்பர் சஸ்பென்ஷனை உருவாக்கிய அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியாளர் சைக்கிள் பக்கம் திரும்பினார். 1962-இல் அவர் கொண்டுவந்த சைக்கிளுக்கு 16 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். வெலோசியோ பருத்த டயரால் அதிர்ச்சியைத் தணித்தார். மோல்டன் டயரை ஒல்லியாக வைத்து, ரப்பராலும் ஸ்பிரிங்காலும் தணித்தார். வழி வேறு, கேள்வி ஒன்றுதான். பிறகு 1970-களில் லண்டனில் பிராம்ப்டன், 1980-களில் அமெரிக்காவில் டாஹோன் என்று மடக்கு சைக்கிள்கள் வந்தன. 1990-களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 20 அங்குலச் சக்கரத்தில், பெட்டிக்குள் மடக்கி விமானத்தில் ஏற்றிப்போகும் பயண சைக்கிள்களையே செய்யத் தொடங்கினார்கள். அவற்றில் கண்டம் கடந்தவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு இதில் என்ன?

காயல்பட்டினத்தில் மலை கிடையாது. ஆனால் ஆனி, ஆடியில் தேரிப் பக்கமிருந்து செம்மணலை வாரிக்கொண்டு அடிக்கிற கச்சான் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்குத் தெரியும், அது மலைக்குக் குறைந்ததல்ல. கியர் அதற்குத்தான். ஆறுமுகநேரி உப்பளங்கள், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், தெற்கே திருச்செந்தூர், அதற்கப்பால் குலசேகரன்பட்டினம், மணப்பாடு என்று காலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடக்கூடிய இடங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. நம் தெருக்களின் குறுகலான முடுக்குகளில் திரும்பி நுழையவும் சின்னச் சக்கரம் தோதானது.

வாங்க நினைப்பவர்கள் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். சக்கரம் 20 அங்குலம் இருந்தால் நம் சாலைகளுக்கு நல்லது. அதைவிடச் சின்னது கடைத்தெருவுக்குப் போதும், தூரத்துக்குச் சிரமம். டயர் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலம் இருக்கட்டும். பின்னால் குறைந்தது ஆறு கியர் இருக்கட்டும், வேகமான கியரில் கால் வெறுமனே சுற்றுகிறதா என்று கடைவாசலிலேயே ஓட்டிப் பாருங்கள். மடக்கும் கீல் ஆடாமல் இறுகுகிறதா, வண்டியின் எடையை நீங்கள் தூக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அதிகக் கனம் ஏற்றுபவர்களும், தினமும் மோசமான மண்சாலையில் போகிறவர்களும் பெரிய சக்கரமே வைத்துக்கொள்வது நல்லது. சின்னச் சக்கரம் எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் என்று வெலோசியோவும் சொல்லவில்லை.

வாங்குவதற்கு முன், ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் ஹேண்டில்பார் கொஞ்சம் துள்ளும், இரண்டு நாளில் கை பழகிவிடும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான வண்டி என்று சொன்னாலும் சொல்லட்டும். அது உண்மையாகவே இருந்தாலும் நம் குடியிருப்பில் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று எண்ணிப் பாருங்கள்.